மேசை விளக்கும் மேசை விசிறியும்

தலைவர் முதல் முறை என் கடைக்கு வந்தபோது நான் எழுந்து நிற்கவில்லை. மரியாதை தெரியாமல் இல்லை, கால் எழவில்லை. பதினெட்டு வருஷமாக எந்த மனிதரின் கண்ணில் படக்கூடாது என்று தெருவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேனோ, அவரே கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் மேசைக்கு எதிரில் நின்றார்.

"டைப்பிங் நீங்கதானே?" என்றார்.

"ஆமாங்கய்யா."

ஊருக்கு நான் வெறும் டைப்பிங். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள், மனு அடிக்க வருகிறவர்கள், கடன் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். சொந்தப் பெயர் வீட்டு வரி ரசீதில் பத்திரமாகத் தூங்குகிறது. அது அங்கேயே தூங்கட்டும் என்றுதான் நானும் விட்டிருந்தேன். ஏனென்றால் அவருக்கும் எனக்கும் ஒரே பெயர். எழுத்துக்கு எழுத்து, முதலெழுத்து உட்பட.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் மூன்று முறை சட்டமன்றத்துக்குப் போனவர். ஐந்தாவது தேர்தலில் கட்சி சீட்டு தரவில்லை, சுயேச்சையாக நின்றார். பழைய குடைச் சின்னம் போய், புதிதாக மேசை விளக்கு கிடைத்தது. ஜனங்களுக்குச் சின்னம் பழக்கமில்லை, பெயரைத்தான் தேடுவார்கள். எதிராளிக்கு அது புரிந்தது. அதே பெயரில் ஓர் ஆளைத் தேடினார்கள், நான் அகப்பட்டேன். எனக்குக் கிடைத்த சின்னம் மேசை விசிறி. கறுப்பு மையில் சின்னதாக அச்சடித்தால் விளக்கும் விசிறியும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஓட்டுச் சீட்டில் போட்டோ போடாத காலம் அது. நான் ஒரு வீட்டுக்கும் போகவில்லை, யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. முந்நூற்று நாற்பத்தோரு பேர் எனக்குக் குத்திவிட்டார்கள். அவர் தோற்றது நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில்.

எதற்காகச் செய்தேன்? சொல்லவே நாக்கு கூசுகிறது. ஊரார் பெயரையெல்லாம் நான்தான் அடிக்கிறேன், என் பெயரை ஒருவன்கூட அச்சில் போட்டதில்லை என்று ஒரு சபலம். அதோடு, ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போயிருந்தது. அவர்கள் ஒரு சுழல் நாற்காலி கொண்டுவந்து இறக்கினார்கள். அஞ்சோ பத்தோ ஓட்டு விழும், போகட்டும் என்று நினைத்தேன். முழு முட்டாள்.

தலைவர் கொண்டுவந்தது ஒரு படிவம். முன்னாள் உறுப்பினர்கள் எல்லோருடைய வாழ்க்கைக் குறிப்பையும் சேர்த்துச் சட்டமன்றத்தில் புத்தகம் போடுகிறார்களாம். பன்னிரண்டு கேள்வி. அவருக்குக் கை நடுங்குகிறது, எழுத முடியாது. சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும்.

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில் கண் குத்திட்டு நின்றது. 'உறுப்பினர் சொல்ல எழுதியவரின் பெயரும் கையொப்பமும்.'

கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் நிற்க முடியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடுப்பு வலி போலிருக்கிறது. கடையில் இருந்த ஒரே நல்ல இருக்கையை அவர் பக்கம் தள்ளிவிட்டு நான் ஸ்டூலுக்கு மாறினேன்.

"உக்காருங்கய்யா."

சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். "நல்லா இருக்கே" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒரு மணி நேர வேலை அது. நாங்கள் பத்தொன்பது நாள் செய்தோம்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கடை காலியாகும், அப்போது வருவார். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் ஐந்தரை ஆகிவிடும். முதல் தேர்தலில் டெபாசிட் போன கதையை மட்டும் இரண்டு நாள் சொன்னார்.

"மூணு நாள் விடாம ஓட்டுக் கேட்டேன் தம்பி. வீடு வீடா. அப்பறம்தான் தெரிஞ்சுது, அந்தத் தெருவெல்லாம் பக்கத்துத் தொகுதி. ஒருத்தராவது சொல்லக் கூடாது? எல்லாரும் உங்களுக்குத்தாங்க உங்களுக்குத்தாங்கன்னு தலையாட்டி அனுப்பிட்டாங்க. வீட்டுல கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா..."

அங்கே நிறுத்திவிட்டார். சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிப் போய்விட்டது. "அடுத்ததுக்குப் போங்க" என்றார்.

இரண்டாவது தேர்தலில் இரண்டாயிரத்து முந்நூற்றாறு ஓட்டில் ஜெயித்தார். சபையில் முதல் பேச்சு. எழுந்ததும் எல்லாம் மறந்துவிட்டது, 'நன்றி' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். சுருக்கமான பேச்சு என்று மறுநாள் ஒரு பத்திரிகை பாராட்டி எழுதியதாம். மூன்றாவது தேர்தலில் ஒன்பதாயிரம், நான்காவதில் அறுநூற்றுப் பதினொன்று. எண்கள் மட்டும் அவருக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் யோசிப்பார்.

அவரை எனக்கு அப்போதிருந்தே பிடிக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் அடித்துக்கொடுத்த மனுக்களுக்கெல்லாம் கைப்படப் பதில் எழுதிய ஒரே உறுப்பினர் அவர்தான். ஆகாது என்றால் ஆகாது என்றே எழுதுவார், ஆனால் எழுதுவார். ஜனங்கள் அந்தக் கடுதாசியை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அந்தக் கைதான் இப்போது தண்ணீர் டம்ளரைப் பிடிக்கமுடியாமல் ஆடுகிறது.

ஒன்பதாவது கேள்வி மனைவியின் பெயர். அதற்கு வரும்போதெல்லாம், "அதை அப்பறம் பாத்துக்கலாம்" என்பார். மகன் வெளிநாட்டில், மாதம் ஒரு போன். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒரு காலத்தில் அவர் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது.

எனக்கும் அவசரமில்லை. மனைவி போய் ஆறு வருஷம், மகள் கல்யாணமாகிப் போய் நான்கு வருஷம். கடையைப் பூட்டினால் பேச்சுத் துணைக்கு வீட்டில் குழாய் சொட்டும் சத்தம்தான். மூன்று மணி ஆனால் நான் தெருவை எட்டிப்பார்க்க ஆரம்பித்திருந்தேன். அடித்ததையே அழித்து அழித்து அடித்தேன். கடைசி வரி வந்தால் என் பெயர் வந்துவிடும், பெயர் வந்தால் அவர் வருவது நின்றுவிடும். எனக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான்.

பத்தொன்பதாம் நாள் சட்டமன்ற அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் வந்துவிட்டது. இனி இழுக்க முடியாது. ஒன்பதாவது கேள்வியை வெறுமையாக விட்டே அச்செடுத்து நீட்டினேன். நடுங்கும் கையால் ஒரு வழியாகக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "உங்க பேரையும் போடுங்க" என்றார்.

ஏதாவது ஒரு பெயரைக் கிறுக்கியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? பேனாவை எடுத்தேன். இத்தனை நாள் அவர் என்னை நம்பித் தன் வாழ்க்கையையே சொல்லியிருக்கிறார். பொய்ப் பெயர் எழுதக் கை ஓடவில்லை. முழுப் பெயரையும் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது என் பேரு. உங்க பேரைப் போடச் சொன்னேன்."

"என் பேரும் அதுதாங்கய்யா."

மேலே மின்விசிறி சுற்றியது. அது வேறு அந்த நேரம் பார்த்துக் கிரீச்சென்று சத்தம் போட்டது.

"மேசை விசிறியா?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

"எதுக்கு?"

"ஒரு நாற்காலிக்குங்க."

"எந்த நாற்காலி?"

"நீங்க உக்காந்திருக்கறது."

குனிந்து கைப்பிடியைப் பார்த்தார். தடவினார். எழுந்து கைத்தடியால் ஒன்று போடுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் எழவே இல்லை.

"நானும் அதுக்குத்தானே நின்னேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னிக்கு எண்ணி முடிச்சு வீட்டுக்கு வரேன். அவ கதவுக்குப் பின்னால நிக்கறா. கண்ணு சரியாத் தெரியல, பேரைப் பாத்துக் குத்திட்டேன், வெளிய வந்தப்பறம்தான் விசிறின்னு தோணுச்சுன்னு சொன்னா. சொல்லாம இருந்திருக்கலாம் இல்ல? என்கிட்ட எதையும் மறைக்கத் தெரியாது அவளுக்கு." மூச்சு வாங்கினார். "ஊருக்குக் கண்ணு தெரியல, சரி. உனக்குமான்னு கேட்டேன். அதான் நான் அவகிட்ட பேசின கடைசிப் பேச்சு. மாடி ரூமுக்குப் போயிட்டேன். சாப்பாட்டைப் படியில வைப்பா. எட்டு மாசம். அப்பறம் ஒரேயடியாப் போயிட்டா."

நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றவருக்கு ஒரு ஓட்டு என்ன பெரிதா? அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் எட்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார். அவருக்கு வலித்தது எண்ணிக்கையில் இல்லை.

அப்போதுதான் அதைச் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கொடுத்தவர்கள் நாற்காலியைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்த விஷயம்.

"ஐயா, என் ஓட்டு அந்த முந்நூத்தி நாப்பத்தொண்ணுல இல்லீங்க. உள்ள போனதும் என் பேருக்குக் குத்த மனசு வரல. நான் விளக்குக்குத்தான் போட்டேன். உங்களுக்கு."

அவர் உதடு எதையோ முணுமுணுத்தது. ஆயுளில் பாதியை ஓட்டு எண்ணியே கழித்த மனிதர், மறுபடி எண்ணுகிறார் என்று புரிந்தது.

"அவ ஓட்டு உங்களுக்கு" என்றார். "உங்க ஓட்டு எனக்கு."

"ஆமாங்க."

"அப்ப ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு. அவளால ஒரு ஓட்டுகூடக் குறையல."

"குறையலீங்க."

ஒன்பதாவது கேள்வியில் விரலை வைத்தார். மனைவியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், நான் அடித்தேன். புதிதாக அச்செடுத்ததில் எங்கள் இரண்டு பேர் கையெழுத்தும் மறுபடி விழுந்தது. அதன் பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. பூட்டும் நேரம் ஆகியிருந்தது, எனக்கும் அவரை எழுப்ப மனம் வரவில்லை.

"தம்பி" என்றார் கடைசியில், "இதை இப்ப அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?"