போடச் சொன்னது யார்?

ஆறு இறங்கிப் போய்விட்டது. சேற்றை மட்டும் பூங்காவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தது.

வெளிச்சம் சரியாக வருவதற்கு முன்பே தோட்டக்காரி சிறுவர் விளையாட்டிடத்தில் இறங்கிவிட்டாள். கணுக்காலை மூடும் வண்டல். மேலே வெடித்துக் காய்ந்த தோல், அடியில் கறுத்த கூழ். மண்வெட்டியைப் போட்டால் சளக்கென்று உள்ளே போனது. இழுத்தால் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. இடுப்பைக் கொடுத்து இழுத்துச் சட்டியில் தள்ளுவதற்குள் பாதி வழிந்து பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது. சறுக்குமரத்தின் கீழ்ப்பாதியைக் காணவில்லை. ஊஞ்சல் பலகைகள் சேற்றில் புதைந்து, சங்கிலிகள் மட்டும் விறைத்து நின்றன. எங்கோ ஒரு மீன் செத்து அழுகிக்கொண்டிருந்தது. தேடி எடுக்கவும் நேரமில்லை.

காலுக்கு ரப்பர் பூட்ஸ் கேட்டு அலுத்துவிட்டது. கேட்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் "வந்துட்டே இருக்கு" என்பார். அது எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறதோ! நேற்று கண்ணாடிச் சில்லு கிழித்த குதிகாலில் துணியைச் சுற்றியிருந்தாள். துணியும் இப்போது சேறுதான்.

"இவ்வளவு சேத்தையும் பொட்டலம் கட்டி காண்ட்ராக்டர் வீட்டு வாசல்ல வச்சா என்ன?" என்றாள் வாயாடி. கழிப்பறை கழுவுகிறவள். அவள் பெயர் பலருக்குத் தெரியாது. கூப்பிட்டால் திரும்புகிற பெயர் இதுதான்.

"அதுக்கும் நம்மளையே கூப்பிடுவான், அள்ளுங்கன்னு" என்றான் புல்வெட்டி.

சிரிப்பு வந்தது, நிலைக்கவில்லை. வெள்ளம் தேங்கி நின்ற நாட்களுக்குக் கூலி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வேலை மட்டும் இரண்டு மடங்கு. ஆளும் பாதியாகக் குறைந்திருந்தது. நகராட்சி பூங்காவைக் காண்ட்ராக்டர் கையில் கொடுத்ததிலிருந்தே இப்படித்தான். கேட்டால் நகராட்சி காண்ட்ராக்டரைக் காட்டியது. காண்ட்ராக்டர் நகராட்சியைக் காட்டினார்.

அன்று காலை சூப்பர்வைசர் வந்ததே ஓட்டமாகத்தான்.

"ஞாயித்துக்கிழமை நகராட்சித் தலைவர் வர்றாரு. பூங்கா பளிச்சுன்னு இருக்கணும். நீச்சல் குளத்துல இருக்கிற அழுக்குத் தண்ணி இன்னைக்கே வெளிய போயாகணும்." தோட்டக்காரியைப் பார்த்துக் கைநீட்டினார். "போய் உன் தங்கச்சி புருஷன்கிட்டச் சொல்லு, மோட்டாரப் போடச் சொல்லு."

மோட்டார் அறை குளத்துக்குப் பக்கத்தில், தரைக்குக் கீழே நாலைந்து படி இறங்கி இருந்தது. மோட்டார்காரன் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு பழைய சட்டையால் சுவிட்ச் பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கத் துடைக்க உள்ளிருந்து நீர் கசிந்தது.

"என்னக்கா, ஆர்டரா?"

"மோட்டாரப் போடணுமாம்."

"இதையா? உள்ள சுவரெல்லாம் தொட்டா தண்ணி சொட்டுது. எலெக்ட்ரீஷியன் வந்து பாக்காம நான் கை வைக்கமாட்டேன்னு நேத்தே சொன்னேனே."

அவள் திரும்பிப் போய்ச் சொன்னாள். சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்துக்கொண்டே கேட்டார். மறுமுனையில் காண்ட்ராக்டர் கத்துவது அவளுக்கும் கேட்டது: "இஷ்டம் இல்லன்னா வீட்டுக்குப் போகச் சொல்லுய்யா! வாசல்ல நூறு பேர் நிக்கறான்!"

"கேட்டுச்சில்ல? அதையே போய்ச் சொல்லு" என்றார் சூப்பர்வைசர்.

மறுபடியும் நடந்தாள். குதிகால் விண்விண்ணென்று தெறித்தது. போகும் வழியெல்லாம் எரிச்சல். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் தன்னைப் பந்தாக உருட்டுகிறார்களே என்ற எரிச்சலில், சொல்ல வந்ததைக் கொஞ்சம் கடுகடுப்பாகவே சொன்னாள்.

"போடலன்னா வீட்டுக்குப் போகணுமாம். போட்டுத் தொலையேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

பட்டென்று ஒரு சத்தம். நீல வெளிச்சம். பிறகு ரப்பர் கருகும் நாற்றம். அவன் கத்தவே இல்லை; கை பெட்டியோடு ஒட்டி உடம்பு துள்ளிக்கொண்டிருந்தது. அவனைப் பிடிக்கப் பாய்ந்த தோட்டக்காரியை, சத்தம் கேட்டுக் கழிப்பறையிலிருந்து ஓடிவந்த வாயாடி ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள். கையிலிருந்த துடைப்பக் கட்டையால் அவன் தோளை ஓங்கி அடித்தாள். அவன் சுருண்டு படியில் விழுந்தான். யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள்.

உயிர் இருந்தது. வலது கை மட்டும் கை மாதிரியே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காண்ட்ராக்டர் வந்தார்; வெள்ளைச் சட்டை, வாசனை. தங்கையிடம் இரண்டு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டுத் தோட்டக்காரியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"போலீஸ்ல கேப்பாங்கம்மா. அவனா போய்ப் போட்டான்னு சொல்லிடு. காலையிலேயே குடிச்சிருந்தான்னு சொன்னாலும் சரிதான்."

"அவன் குடிக்கமாட்டான் சார்."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். எழுதறவனுக்குத் தெரியணுமா?" குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கறேன். உன்னைய மேஸ்திரியா போடறேன். யோசிச்சுப் பாரு, போடச் சொல்லி நானா வந்து சொன்னேன்? சொன்னது நீதானே? விசாரணைன்னு வந்தா உன் பேர்தான் முதல்ல வரும்."

அவர் போன பிறகும் அந்த வாசனை வராந்தாவிலேயே நின்றது. தோட்டக்காரி தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னக்கா சொல்றாரு?"

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, தான் கடுகடுத்ததையும் சேர்த்தே சொன்னாள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் எழுந்து போய்விடுவாள் என்றே தோட்டக்காரி நினைத்தாள்.

"உன்மேல கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றாள் தங்கை கடைசியில். "இருக்கு. ஆனா வாய்தான்க்கா உன்னோடது. பேச்சு அந்தக் காண்ட்ராக்டரோடது. அதை அவன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வா."

மறுநாள் காலை பூங்கா வாசலில் ஒரே கூச்சல். உள்ளே போவதா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு பேச்சு.

"போகலன்னா நாளைக்கு அடுப்பு எரியாது" என்றான் புல்வெட்டி. "என் வீட்ல மூணு வாய்."

"போனா நாளைக்கு உன் கை எரியும்" என்றாள் வாயாடி. "ஒரு கையை வச்சுக்கிட்டு மூணு வாய்க்கு ஊட்டு, பாப்போம்."

"நீ பேசுவ. உனக்கென்ன!"

"எனக்கென்னவா? அந்தக் கழிப்பறை மோட்டாரும் அதே ரூம்லதான்டா இருக்கு!"

வழக்கமாக நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்து முகம் சுளித்தார்கள். "வரி கட்டறோம், நடக்க இடமில்ல" என்றார் ஒருவர்.

தோட்டக்காரிக்கு அலுப்பாக இருந்தது. எத்தனை தடவை பேசி எத்தனை தடவை கலைந்திருக்கிறோம் என்று நினைத்தாள். நின்று பேசக் குதிகால் விடவில்லை. கதவுக்கு நேர் எதிரே, சேறு காய்ந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் எழுந்திருக்கறதா இல்ல. நீங்க பேசி முடிங்க."

வாயாடி பேச்சை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு வாட்ச்மேன், சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு. புல்வெட்டி கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், யாரையோ திட்டினான், உட்கார்ந்தான்.

அப்போதுதான் லாரி வந்தது. பின்னால் காண்ட்ராக்டரின் கார். லாரியில் ஆட்கள், தினமும் காலையில் முச்சந்தியில் வேலைக்குக் காத்து நிற்கிறவர்கள்.

"எழுந்திருங்க" என்றார் காண்ட்ராக்டர். "வேலை செய்யறவங்க உள்ள போங்க. செய்யாதவங்க வீட்டுக்குப் போங்க. வழிய மறிக்கக் கூடாது."

"அந்த ரூமை எலெக்ட்ரீஷியன் வந்து பாக்கணும். அவன் கைக்கு நீங்க பொறுப்பு ஏத்துக்கணும். அப்புறம் எழுந்திருக்கறோம்" என்றாள் தோட்டக்காரி.

"அவனா போய்ப் போட்டதுக்கு நான் பொறுப்பா?"

தோட்டக்காரி எழுந்து நின்றாள். நடைப்பயிற்சிக்காரர்களும் லாரியில் இருந்தவர்களும் கேட்கும்படி சொன்னாள்:

"அவனா போடல. ரெண்டு தடவை நான் போய்ச் சொன்னேன். என்னை அனுப்பினது சூப்பர்வைசர். போன்ல கத்தினது நீங்க. என் காதால கேட்டேன். இல்லன்னா வீட்டுக்குப் போகச் சொல்லுன்னீங்க. நான் சொன்னது தப்புன்னா என் பேரையும் எழுதட்டும், பயமில்ல. ஆனா உங்க பேருக்குக் கீழ எழுதட்டும்."

சூப்பர்வைசர் காருக்குப் பின்னால் நகர்ந்து நின்றார். காண்ட்ராக்டர் சிரிக்கப் பார்த்தார். "மேஸ்திரி வேலை குடுக்கறேன்னேன், அதுக்கு இந்த மரியாதையா?"

"பாத்தீங்களா, குடுக்கறேன்னு அவரே சொல்றாரு. எதுக்காம்னு கேளுங்க" என்றாள் வாயாடி கூட்டத்தைப் பார்த்து.

வரி கட்டுகிறவர் காண்ட்ராக்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

லாரியிலிருந்து ஒருத்தி மண்வெட்டியோடு குதித்தாள். யாருக்கும் தெரியாத முகம். "ஏங்க முதலாளி, அந்த மோட்டார் ரூமுக்குள்ள இன்னைக்கு இறங்கப் போறது யாரு?"

"அதெல்லாம் உள்ள போய்ப் பேசிக்கலாம்."

"இல்ல, எங்கள்ல ஒருத்தர்தானே? அது யாருன்னு இப்பவே தெரிஞ்சா நல்லாருக்கும்."

காண்ட்ராக்டர் போனை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். அவள் மண்வெட்டியைத் தரையில் கிடத்திவிட்டு உட்காரப் போனாள். லாரியில் இருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்தபடி சூப்பர்வைசர் காட்டிய பக்கக் கதவு வழியாக உள்ளே போனார்கள். அவர்களை யாரும் திட்டவில்லை; அவர்கள் வீட்டு அடுப்பும் தெரிந்த அடுப்புதான். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

போலீஸ் வரும் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டுப் போனார். வரலாம். ஞாயிற்றுக்கிழமையும் வரும், தலைவரும் வருவார். ஆஸ்பத்திரியில் அந்தக் கையை என்ன செய்வார்கள் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. உள்ளே போன இருவரில் ஒருவன் பக்கக் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாயாடி அவனைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தில் இருந்தவர்களை முழங்கையால் இடித்தாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா. ஆள் வருது."

எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள்.