கக்கூசுக்குள் ஒரு சிங்க்

மிசெல்லி கவுன்சிலுக்குக் கட்டவேண்டியது ஆயிரத்து நூற்று முப்பத்து நான்கு பவுண்ட். வாரம் நாற்பத்திரண்டு வீதம் இருபத்தேழு வார இடவாடகை. காசு இல்லாமல் அல்ல, வேண்டுமென்றே நிறுத்தினாள்.

கென்ட்டில் ஜிப்சிகளுக்கென்று கவுன்சில் ஒதுக்கிய இடம் அது. பன்னிரண்டு வண்டிவீடுகள். வேலிக்குப் பின்னால் ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேரும் நிலையம். அந்த நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். புதிதாகக் கட்டிக்கொடுத்த குளியல் கட்டடத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரே அறை. கக்கூசுக்கு இரண்டு முழம் தள்ளிப் பாத்திரம் கழுவுகிற சிங்க். முகம் கழுவும் பேசினில் தெரியாமல் ஒரு கோப்பையை அலசிவிட்டால்கூட, மொக்காடி, தீட்டு என்று அதை உடைத்துப் போடுகிற சனம் அவளுடையது. நடுவில் சுவர் எழுப்பும்வரை வாடகை கிடையாது என்றாள்.

சுவர் வரவில்லை. கோர்ட் நோட்டீஸ்தான் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பணம், இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்யவேண்டும்.

"காலி பண்ணிட்டு எங்க போறது? ரோட்டோரம் நிறுத்தினா விடியறதுக்குள்ள போலீஸ் கிளப்பிடும்," என்றான் புருஷன் ஓபி. "வேற இடத்துக்குப் பேர் குடுத்துட்டு உங்கக்கா ஒன்பது வருஷமா காத்துக் கிடக்கறா."

"தெரியும்."

"அப்ப அந்தச் சிங்க்கை விட்டுத்தொலை. நாமதான் அதுல கழுவறதே இல்லியே."

"கழுவுவாங்கன்னு நெனச்சுத்தானய்யா கட்டியிருக்கான். அதான் எரியுது."

ஆனாலும் வியாழக்கிழமை, தங்க விளிம்புப் பீங்கான் தட்டுகள் முப்பத்தாறையும் விற்றாள். ஆப்பிள் தோட்டங்களில் கூலிக்குப் பறித்து ஒவ்வொன்றாக வாங்கியவை.

மறுநாள் அந்த இடத்தைக் கவனிக்கும் கவுன்சில் வார்டன் பிரிச்சர்டு வாசலில் நின்று பணத்தை எண்ணினான். ஒவ்வொரு நோட்டுக்கும் கட்டைவிரலை நக்கினான். மிசெல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்ல முடிவு மிசெல்லி. அருமையான கட்டடம் அது. என் வீட்டுலகூட அப்படி இல்ல."

"அதுக்கென்ன மிஸ்டர், உங்க சமையல்கட்டுல ஒரு கக்கூஸ் போட்டுக்குங்க. நானே வந்து திறந்து வைக்கிறேன்."

ஓபிக்கு இருமல் வந்துவிட்டது. வார்டன் சிரிக்கவில்லை. கடைசி நோட்டுக்கும் நக்கினான். பாக்கி இல்லை என்று எழுதி, அதே விரலால் ரசீதைக் கிழித்து நீட்டினான்.

"படியில வைங்க," என்றாள்.

வைத்துவிட்டுப் போனான். ரசீதின் ஓரத்தில் விரலின் ஈரம் இன்னும் காயவில்லை.

"கோர்ட்டுல கேப்பான். உள்ள எடுத்து வை," என்றான் ஓபி.

மிசெல்லி அசையவில்லை. "காயட்டும்," என்றாள்.