எதிர்முனைக் கடிகாரம்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உயரழுத்த டி.சி. மின்லைன் மின்சாரம் அறுந்து விழுந்துவிட்டது. தானாகவே இரண்டு முறை எழப் பார்த்து, இரண்டு முறையும் படுத்துக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் இன்ஜினியர் கையை உதறிக்கொண்டு திரைக்கு முன்னால் ஓடிவந்தாள்.

லைனில் பழுது நேர்ந்தால் அங்கிருந்து ஓர் அலை இரு பக்கமும் பாயும். அது இரண்டு முனை நிலையங்களையும் எட்டிய நேரங்களை ஒப்பிட்டுக் கருவி இடம் சொல்லும். இப்போது அது மலையடிவாரத்து மின்கோபுரம் ஒன்றைச் சொன்னது. ரோந்து ஜீப்பை அங்கே விரட்டினாள். ஜீப்பில் போனது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்தான். வயர்லெஸ்ஸில் ‘பாப்பா’ என்று கூப்பிடாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

“பாப்பா, இங்க ஒண்ணுமில்ல. கம்பியைத் தாங்குற பீங்கான் எல்லாம் முழுசா இருக்கு. ஒரு காக்கா கூட செத்துக் கிடக்கல.”

மேலதிகாரி அவளுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். “அப்புறமென்ன? அழுத்தத்தைக் குறைச்சு ஒரு தடவை லைன்ல கரண்ட் ஏத்திப் பாரும்மா. மேலேர்ந்து போன் மேல போன் வருது.”

“கொஞ்சம் பொறுங்க சார்.”

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மின்னலோ பறவையோ என்றால் லைன் அப்போதே எழுந்திருக்கும். எதுவோ கம்பியை விடாமல் பிடித்திருக்கிறது. சட்டென்று எதிர்முனை நிலையத்துக்குப் போன் போட்டாள்.

“உங்க கடிகாரம் சாட்டிலைட்டோட ஒத்துப்போகுதா?”

அந்தப் பக்கத்து ஆபரேட்டர் குரலைத் தாழ்த்தினார். “காலையிலேர்ந்து சிக்னல் இல்ல மேடம். துளி வித்தியாசம்தான் இருக்கும்னு விட்டுட்டோம்.”

நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே போதும், பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக் காட்டிவிடும்.

தன் நிலையத்துப் பதிவை மட்டும் திரையில் விரித்தாள். வந்த அலை இங்கே மோதி, பழுதிடத்துக்கே போய், அங்கே மோதி மறுபடி திரும்பியிருந்தது. அந்த இடைவெளியை அளக்க ஒரே கடிகாரம் போதும். கணக்கு ஆற்றங்கரையில் பாலம் கட்டும் இடத்தில் போய் நின்றது.

“அண்ணா, ஆத்துப் பக்கம் போங்க.”

“இப்பதானே இங்க அனுப்பின?”

“அப்புறமா திட்டிக்கோங்க. போங்க.”

மேலதிகாரி பொறுமை இழந்து நாற்காலியை இழுத்தார். “தள்ளும்மா, நானே ஏத்துறேன்.”

அவள் நகரவில்லை. “ஜீப் போய்ச் சேரட்டும் சார். அதுவரைக்கும் இந்தப் பக்கம் யார் கையும் வரக் கூடாது.” சுவிட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

வயர்லெஸ் கரகரத்தது. அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. “லைனை ஏத்திடாதீங்க. கிரேன் கை கம்பி மேல சாஞ்சிருக்கு. கேபின்ல டிரைவர் இருக்காரு. உயிரோட இருக்காரு.”

இரு முனையிலும் லைனை மண்ணோடு இணைத்து, கம்பியில் மின்சாரம் இல்லை என்று அங்கேயும் சோதித்த பிறகுதான் அவரை இறங்கவிட்டார்கள்.

“நான் இறங்காதீங்கன்னு கத்தும்போதே ஒரு காலை வெளிய நீட்டிட்டாரு,” என்றார் அண்ணன். “கேபினைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு காலைத் தரையில வைக்கிற நேரத்துல நீங்க ஏத்தியிருந்தா...”

மேலதிகாரி ஜன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை.

“டிரைவரைத் தனியா அனுப்பாதீங்கண்ணா,” என்றாள் அவள்.

“நான்தான் வீட்டுல விடப் போறேன். ஜீப்புல ஏறினதுலேர்ந்து பேசிட்டே இருக்காரு. நிறுத்த மாட்டேங்கிறாரு.”