பக்கத்து வீட்டுக்கு ஒரு சோப்புத்தூள்

டிவி நாடகத்தில் எவ்வளவு சுலபமாக நடந்தது! ஊரிலிருந்து தோக்கியோவுக்கு வந்த பெண், புதுக் குடித்தனக்காரி கொடுக்கவேண்டிய சின்னப் பரிசோடு பக்கத்து வீட்டு பெல்லை அடிப்பாள். தலையைத் துவட்டிக்கொண்டே ஒருவன் கதவைத் திறப்பான். அப்புறம் பதினோரு வாரம் காதல். அதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் அகிதாவிலிருந்து மூட்டை கட்டினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

என் பரிசு சோப்புத்தூள். துணி துவைக்காத மனுஷன் உண்டா? பெரிய டப்பாவாக வாங்கி, என் பெயர் எழுதிய தாள்பட்டையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய் பெல்லை அடித்தேன். உள்ளே அதே நாடகம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது, பாட்டுகூடக் கேட்டது. பெல் அடித்ததும் சத்தம் பட்டென்று நின்றது. கதவு திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்த சனிக்கிழமையும்.

முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒருவனுக்கு என்னைப் பிடிக்காமல் போகுமா? எரிச்சலாக வந்தது. சுவரோ அட்டை மாதிரி. அவனுக்குத் தொந்தரவு வேண்டாமென்று தும்மலைக்கூட அடக்கினேன்.

போனில் அம்மா கேட்டாள். "பக்கத்துல குடுத்துட்டியாடி?"

"குடுத்துட்டேம்மா. நல்ல மாதிரி."

கூசாமல் புளுகிவிட்டு, போனை வைத்ததும் அழுதேன். யாருக்கும் வேண்டாத ஊரில் எனக்கென்ன வேலை? இந்த மாதத்தோடு அகிதாவுக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் என் வீட்டு பெல் அடித்தது. ஓடிப்போய்த் திறந்தேன். செய்தித்தாளுக்குச் சந்தா பிடிக்கிறவர். திறந்த வேகத்தில் கதவிடுக்கில் காலை வைத்துக்கொண்டார்.

"ஆறு மாசத்துக்குப் போடும்மா. இந்தா, இது இனாம்."

அவர் நீட்டியது சோப்புத்தூள் டப்பா. நான் வாங்கிய அதே ரகம்.

"யோசிச்சு சொல்றேனே..."

"பேப்பர் படிக்க என்னம்மா யோசன? முத்திரை ஒண்ணு வச்சா முடிஞ்சுது."

முகத்துக்கு நேரே வேண்டாமென்று சொல்ல எனக்கு வராது. கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற என் பெயர் முத்திரையை எடுக்கத் திரும்பினேன். அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. பல் துலக்கும் பிரஷோடு, கலைந்த தலையோடு, ஒரு நெட்டையன் எட்டிப் பார்த்தான்.

"அவங்களுக்கு வேணாம்ணே. நாங்க ஒரே பேப்பரத்தான் மாத்தி மாத்திப் படிக்கிறோம்."

"ஓ, ஐயா வீட்லதான் இருக்கீங்களா? எத்தன தடவ பெல் அடிச்சேன்!"

"இப்பதான் வந்தேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

"இவங்களுக்குத் தொறக்கவே கூடாதுங்க," என்றான் நெட்டையன். "வந்த புதுசுல நான் மூணு பேப்பர் வாங்கிட்டிருந்தேன். இப்ப லேடி ஒருத்தங்க வேற வர்றாங்க. கதவு ஓட்டையில பாத்தா மூஞ்சியே தெரியாது, சோப்புத்தூள் டப்பாதான்..."

அவன் பார்வை என் வாசலோரம் இருந்த டப்பாவில் விழுந்தது. தாள்பட்டையை வாசித்தான். காது வரை சிவந்தான்.

அப்பாடா! அவனுக்குப் பிடிக்காதது என்னையல்ல, செய்தித்தாளைத்தான். அடக்கிவைத்த தும்மலெல்லாம் சேர்ந்து சிரிப்பாக வெடித்தது. அகிதா எங்கும் ஓடிவிடாது, புத்தாண்டுக்குப் போனால் போதும்.

டப்பாவை இரு கையாலும் எடுத்து, குனிந்து வணங்கி நீட்டினேன். "பக்கத்துல குடி வந்திருக்கிற சிஹாரு."

பிரஷை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாயில் கவ்விக்கொண்டு வாங்கினான். அப்புறம் எடுத்துவிட்டுச் சொன்னான்.

"தொகுனாகா. மியாசாக்கிலேருந்து வந்தேன். சிரிக்காதீங்க, ஒரு டிவி நாடகத்தப் பாத்துட்டுத்தான் கெளம்பி வந்தேன். பக்கத்து வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்து பெல் அடிப்பான்னு ரெண்டு வருஷமா காத்துட்டிருக்கேன்."

"மூணு தடவ அடிச்சேனே," என்றேன்.