ஆறாவது காற்றுப்பை

வார்விக் தன் மாட்டு ட்ரெய்லரைக் கழுவாமலே கொண்டுவந்து நெரிடாவின் ஷெட் வாசலில் நிறுத்தினான். குளோன்கரி ஊரில் எந்த டிரைவரும் மெக்கானிக்குக்கு அப்படி ஒரு அவமரியாதை செய்யமாட்டான். மாடுகளை இறக்கிய கையோடு கழுவும் மேடைக்குப் போய், அடிவரைக்கும் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் எல்லோரும் வருவார்கள். இதுவோ மேல்தட்டிலிருந்து அச்சு வரைக்கும் சாணி அப்பி, பச்சையும் கறுப்புமாகக் காய்ந்து கிடந்தது. ஈரம் மிச்சமிருந்த இடங்களில் ஈக்கள் மொய்த்தன.

"என்ன கண்றாவி இது வார்விக்? கழுவிட்டு வர்றதுக்கு என்ன கேடு உனக்கு?"

"அங்க வரிசை ரோடு வரைக்கும் நிக்குது நெரிடா. நீ ஒண்ணும் அடியில பூந்து பாக்க வேணாம். காத்து நிக்குதா, வண்டி சமமா இருக்கான்னு மேலாப்புல பாரு. செமிசி வந்தா நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

செமிசி டோங்கா தீவுக்காரன். வருஷக்கணக்காக அடுத்தவர்களின் ட்ரெய்லரையே இழுத்துக்கொண்டிருந்தவன், இப்போதுதான் முதன்முதலாகச் சொந்தத்தில் ஒன்று வாங்கப் பார்க்கிறான். நெரிடா பார்த்துச் சரி என்றால்தான் வாங்குவேன் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றதால்தான் வார்விக் இங்கே வந்திருந்தான்.

வார்விக்கை முகத்துக்கு நேரே மறுத்துப் பேச நெரிடாவுக்குத் தயக்கம்தான். ஒரு பெண் லாரி ரிப்பேர் பார்ப்பதா என்று ஊரே சிரித்த காலத்தில், முதல் லாரியை அவளிடம் ஓட்டி வந்தவன் அவன்.

லாரியிலிருந்து காற்று ஏறியதும், வில்லுக்குப் பதிலாக மூன்று அச்சிலும் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த காற்றுப்பைகள் தூக்க, ட்ரெய்லர் எழுந்து நின்றது. இரண்டு பக்கமும் உயரத்தை அளந்தாள். சமமாக இருந்தது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தாள். அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. எங்கும் புஸ்ஸென்ற சத்தமும் இல்லை.

"பாத்தியா, கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது!" என்றான் வார்விக்.

"கல்யாணப் பொண்ணு குளிச்சிட்டு வந்திருப்பா."

சொல்லிக்கொண்டே சுற்றி வந்தவள், இடப்பக்கம் நடு அச்சின் டயரருகே நின்றுவிட்டாள். அது மட்டும் அங்கங்கே குழி விழுந்து தேய்ந்திருந்தது. மேலே பாரம் இறங்காமல், ரோட்டில் குதித்துக் குதித்து ஓடுகிற டயர்தான் அப்படித் தேயும்.

"காத்தை எறக்கு. நான் அடியில போறேன்."

"பைத்தியமா உனக்கு? நாறிப்போயிடுவ!"

"எறக்குன்னா எறக்கு."

சட்டத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு பழைய தார்ப்பாயை விரித்து மல்லாந்தபடி உள்ளே நகர்ந்தாள். கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ சொட்டிக் காலருக்குள் வழிந்தது. என்னவென்று யோசிக்காமலிருக்கப் பார்த்தாள். மூக்கால் மூச்சுவிட முடியவில்லை. வாயால் விட்டால் நாக்கில் ஒட்டியது. குமட்டலை விழுங்கிக்கொண்டு கத்தினாள்.

"இப்ப ஏத்து!"

காற்றுப்பைகள் உப்பத் தொடங்கின. அவற்றின்மேல் காய்ந்திருந்த சாணி பொருக்குப் பொருக்காக வெடித்து அவள் மார்பில் உதிர்ந்தது. ஐந்து பைகளில் அப்படி. இடப்பக்க நடுப் பையின்மேல் இருந்த பூச்சில் மட்டும் ஒரு கீறல்கூட விழவில்லை. டார்ச்சை அருகில் கொண்டுபோனாள். மற்ற இடங்களில் சாணி தெறித்துப் படிந்திருந்தது. இங்கே கனமாக, வழித்து வழித்து அப்பியிருந்தது. நாலு விரல் இழுத்த தடம் தெளிவாகத் தெரிந்தது.

வெளியே வந்து தண்ணீர்க் குழாயை இழுத்துப் போய் அடித்தாள். பையின் மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல், மேலே டேப். அதற்குக் காற்று போகும் குழாயின் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்து, கிளிப் போட்டு இறுக்கியிருந்தது. காற்று கசியாததும் வண்டி சமமாக நின்றதும் அதனால்தான். செத்த பையின் சுமையை மற்ற ஐந்தும் சுமந்துகொண்டிருந்தன. இரண்டு தட்டிலும் மாடுகள் நிற்க, ஒரு வளைவில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால், இன்னொரு பை வெடிக்கும். அப்புறம் ட்ரெய்லர் மட்டுமா உருளும்?

ஷெட் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். அடியில் கிடந்தபோது அடக்க முடிந்தது, இப்போது முடியவில்லை.

"கையால அள்ளிப் பூசியிருக்கியே, மனுஷனா நீ?"

வார்விக் சிரிக்கப் பார்த்தான். "எல்லாரும் பண்றதுதான். அஞ்சு பை தாங்குது, ஒண்ணு தாங்கலேன்னா என்ன குடி முழுகிடும்? நெரிடா, அன்னிக்கு நான் வராட்டி இந்த ஷெட்ல பல்லிதான் குடியிருந்திருக்கும். அதை மறந்துடாத."

"மறக்கல. அதனாலதான் இவ அடியில போகமாட்டா, போனாலும் வாயத் திறக்கமாட்டான்னு என்கிட்ட கொண்டு வந்தியா?"

அவன் பதில் சொல்வதற்குள் செமிசியின் வண்டி வந்துவிட்டது. இறங்கும்போதே பல்லெல்லாம் தெரிய ட்ரெய்லரைக் காட்டி, "என்ன நெரிடா, எப்படி இருக்கா என் பொண்ணு?" என்றான்.

"நீயே வந்து பாரு."

அந்தப் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. வார்விக், "சத்தியமா எனக்குத் தெரியாது நண்பா, பழைய டிரைவர் எவனோ பண்ணின வேலை," என்று முதுகில் தட்ட வந்தான். செமிசி விலகி நின்றான்.

"எனக்கு வேணாம். என் பெரிய பையனும் என்கூட வரப்போற வண்டி வார்விக் இது. ஒனக்குத் தெரியுமே."

"சரி, விடு. வாங்க வேற ஆளு இல்லையா?" வார்விக் லாரிக்குள் ஏறப் போனான்.

நெரிடா அடியில் போய் கிளிப்பைத் தளர்த்திப் போல்ட்டைப் பிடுங்கினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேற, ட்ரெய்லர் பெருமூச்சு விட்டு முட்டின்மேல் உட்கார்ந்தது.

"புதுப் பை மாட்டாம இது நகராது."

"இது என் வண்டி!"

"ரோடு உன்னுது இல்ல. போலீஸைக் கூப்பிடணும்னா கூப்பிடு, நானே காட்டறேன்."

வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்ட வார்விக், நிழலில் போய் நின்று, போனில் யாரிடமோ அவளைத் திட்டிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. புதுப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் மறுபடி அடியில் போனபோது, பக்கத்தில் தார்ப்பாய் சரசரத்தது. செமிசி.

"நீ எதுக்கு? வாங்கவே போறதில்லையே."

"வேற எவனோ இதை இழுத்துட்டுப் போவான்ல," என்று அவன் பையைத் தாங்கிப் பிடித்தான். உடனே ஓங்கரித்தான். "கடவுளே, எப்படித்தான் இதுக்குள்ள கெடந்த?"

வேலை முடிந்ததும் வார்விக் ஓட்டிக்கொண்டு போனான். அதன்பிறகு அவன் லாரிகள் எதுவும் அவள் பக்கம் வரவில்லை. அன்று போட்டிருந்த உடுப்பை நெரிடா துவைக்கவில்லை, பின்கட்டுப் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் ஐசாவில் இன்னொரு ட்ரெய்லரைப் பார்க்கச் செமிசியோடு புறப்பட்டாள். "கழுவி வைக்கச் சொன்னியா?" என்று வண்டியில் ஏறுவதற்கு முன் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.