வெர்னன் பார்த்த மாப்பிள்ளைகள்

போன வசந்தத்தில் என் குளத்துப் பலகைகளுக்கு அடியில் ஒரு முட்டைகூட இல்லை. ஓடையோரம் தூண்டில் கடை வைத்திருக்கிறேன். இரைக்குப் போடும் பொடிமீன்களை ஓடைத் தண்ணீரிலேயே வளர்த்து விற்கிறேன். மிதக்கும் பலகையின் அடிப்பக்கத்தில் முட்டை ஒட்டும், ஆண் மீன் காவல் காக்கும். கோடைக்கு மீன் இல்லையென்றால் கடைக்குப் பூட்டுத்தான்.

அந்த மீன்களை ஜோடி சேர்த்துவிட்டது நானும் வெர்னனும். ஓடைக்கு மேலே எட்டாயிரம் மாடுகளை அடைத்துத் தீனி போட்டுக் கொழுக்க வைக்கிறவன் வெர்னன் ஹ்ருஸ்கா. என்னோடு பள்ளியில் படித்தவன், தினமும் கடைக்கு வந்து வம்பளப்பவன்.

"தலையில மேடு மேடா இருந்தா ஆம்பள. இதுக்கு ஒரு படிப்பா?" என்று வாளிக்குள் கைவிட்டு அவன்தான் பொறுக்கிக் கொடுத்தான்.

ஓடைத் தண்ணீரைச் சோதிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஹைடி என்ற பெண் வந்திருந்தாள். வாளியை அவளிடம் நீட்டினேன். பத்து 'ஆண்களை' என் மேசையிலேயே கீறிப் பார்த்தாள்.

"சார், நீங்க பாத்த மாப்பிள்ளைங்கள்ல ஏழு பேர் வயித்துல முட்டை இருக்கு."

"மேடு இருக்கேம்மா!" என்றான் வெர்னன்.

"இருக்கு. மாட்டுக்குச் சதை போட காதுத் தோலுக்குள்ள ஆம்பள ஹார்மோன் குளிகை வைக்கிறீங்கல்ல? அது சாணத்தோட மழையில அடிச்சு ஓடைக்கு வருது. பொண்ணுக்கும் மேடு முளைக்குது. மிச்ச மூணும் பேருக்குத்தான் ஆம்பள."

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது.

"நெப்ராஸ்காவுல யாரு குளிகை வைக்கல டார்லா? சட்டப்படிதான் வைக்கிறேன்."

"மீனுக்குச் சட்டம் தெரியாதுடா. எந்திரிச்சுப் போ!"

போனவன் ஒன்பது நாள் வரவில்லை. அவன் இல்லாமல் கடை வெறிச்சென்று இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் மாப்பிள்ளை கதையை ஊர் முழுக்கப் பரப்பியதும் நான்தான்.

பத்தாம் நாள் மேலே இயந்திரச் சத்தம். சரிவில் கிடந்த சாணக் குவியலை வெர்னன் அள்ளி மறுபக்கம் கொட்டிக்கொண்டிருந்தான். ஓடைக்கும் பட்டிக்கும் நடுவே வரப்பு எழுப்பி, அகலமாகப் புல் விதைத்திருந்தான்.

"மாட்டு ஏலக் கொட்டகையில கால வச்சா 'கல்யாணத் தரகர் வந்தாச்சு'ன்னு கத்துறானுங்க. மாட்டுக்காரன் மானமே போச்சு. குளிகையையும் நிறுத்திட்டேன், போதுமா? மாடு நிதானமாவே கொழுக்கட்டும்!"

அந்தக் கோடைக்கு வெளியூர் மீனை வாங்கி விற்றுச் சமாளித்தேன். இந்த வசந்தத்தில் ஹைடி புது மீன்கள் கொண்டுவந்து விட்டாள். நேற்றுக் காலை பலகையைப் புரட்டினால் அடிப்பக்கம் முழுக்க முட்டை! நான் போட்ட கூச்சலில் வெர்னன் பூட்ஸோடு ஓடிவந்து சேற்றில் மண்டியிட்டான்.

"அப்பன் நெசமாவே ஆம்பளதானா?"

"ஹைடி பாத்துச் சொன்னது. நீ பாத்தது இல்ல."

அவன் தண்ணீருக்குள் கைவிட்டுப் பலகையின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தான். முட்டைக்குள் கறுப்பாக இரண்டிரண்டு புள்ளிகள், கண்கள். காவல் மீன் வந்து அவன் விரலை ஓங்கி முட்டியது. வெர்னன் கையை எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"மெதுவா வை டார்லா. உள்ள குழந்தைங்க இருக்கு."