மயில் தேய்த்த பக்கம்

முன்னறையில் அண்ணனைப் படுக்கவைத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பின்பக்கப் பட்டறையில் மயில், மூன்றாவது ஒயரின் முனையைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தான்.

மயில் என்பது அவன் பெயரல்ல, அண்ணன் வைத்த பட்டம். கத்தி தேய்க்கிற பெல்ட் மிஷினுக்கு ஒரே வேகம்தான், தலைதெறிக்க ஓடும். சுட்டுப் பதம் வைத்த கத்தித் தகட்டை அதில் ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த கத்தியில் கூர் நிற்காது. தம்பி தொட்டதெல்லாம் மயில் கழுத்தாக மினுங்கியதால் அண்ணன் அப்படிக் கூப்பிட்டார், தெருவும் கூப்பிட்டது. செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு.

கெட்டுப்போனதை அண்ணன் வாசலோரத் தண்ணீர் டிரம்மில் போடுவார். யாராவது பார்க்கும்போதுதான் போடுவார். நேற்றுக்கூட ஹோட்டல் சமையல்காரர் நின்றிருந்தார்.

"இவன் தேச்ச கத்தி வெண்ணெய நல்லா வெட்டும். வெண்ணெய் கொஞ்சம் உருகியிருக்கணும், அவ்வளவுதான்."

சமையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மயிலும் சிரித்தான். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியை அவன் வாங்கிவந்து பதினொரு வருடம் ஆகிறது. ஒரே ஒருமுறை அண்ணனிடம் பேச்செடுத்தான்.

"கோளாறு மிஷின்ல இல்லடா, உன் கையில. கைக்கு ஒரு பெட்டி வித்தாங்கன்னா சொல்லு, நானே வாங்கித் தரேன்."

அன்றோடு பெட்டி அவன் கட்டிலுக்கு அடியில் போனது. அவனும் வாயை மூடிக்கொண்டான்.

இன்று காலை அண்ணன் மிஷின் முன்னாலேயே சரிந்தார். தகடு படாமல் பெல்ட் வெறுமனே ஓடும் கீச்சுச் சத்தம் சமையலறைக்குக் கேட்டு, அண்ணிதான் ஓடிவந்து நிறுத்தினார். மயில் அப்போது டீக்கடையில் இருந்தான். டாக்டர் வந்து, கையைப் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். நாலு மணிக்கு மயான வண்டி வரும் என்றார்கள்.

"கொஞ்சம் தனியா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்தபோது, "பாவம், கூடப் பிறந்தவனாச்சே" என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அவனுக்கு அழுகை வரவில்லை. கோளாறு கையிலா மிஷினிலா என்பது அண்ணன் வீட்டைவிட்டுப் போவதற்குள் தெரிந்தாக வேண்டும். நாளைக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? தோற்பதற்கு ஆள் வீட்டில் இருக்க வேண்டாமா?

இரும்புத் தூள் புகுந்தால் பெட்டி புகைந்துவிடும். அதனால் மூடி இறுகுகிற ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அதை வைத்து, ஓட்டை போட்டு, ஒயர்களையும் குமிழையும் வெளியே எடுத்தான். சுவிட்சைத் தட்டியதும் பெல்ட் தலைகீழாக ஓடியது. செத்த பிறகும் எதிர்த்துப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டான். நிறுத்திவிட்டு இரண்டு ஒயர்களை இடம் மாற்றினான். இப்போது சரியாக ஓடியது. குமிழைத் திருகி வேகத்தைக் குறைத்தான். ஐம்பது, நாற்பது, முப்பது. பதினெட்டில் நிறுத்தினான்.

பெல்ட் சாவகாசமாக வந்துகொண்டிருந்தது. அதன் ஒட்டு, குறுக்கே ஓடிய ஒரு கோடு, மேலிருந்து இறங்கிக் கீழே மறைந்தது. ஓடும்போது அந்த ஒட்டை அவன் பார்த்ததே இல்லை.

அண்ணன் காலையில் பாதியில் விட்ட தகடு தரையிலேயே கிடந்தது. ஒரு பக்கம் முடித்திருந்தார். மயில் அதை எடுத்து மறுபக்கத்தைப் பெல்ட்டில் வைத்தான். விரல் சுடவில்லை. அவசரப்படவும் தேவையில்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு, பிறகு இன்னொன்று. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நீலம் இல்லை. பொட்டுக்கூட இல்லை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாட்டுப் பாடாததுதான் குறை.

"தம்பி."

அண்ணி வாசலில் நின்றார். அழுது முகம் வீங்கியிருந்தது. பிடி போட்டு, கூர் பார்த்து, தேறியது தேறாதது சொல்வது அந்த வீட்டில் அவர்தான். மயில் கத்தியை நீட்டினான்.

"பாருங்க அண்ணி. ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் நான். எது யாருதுன்னு சொல்லுங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பினார். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். மறுபடி திருப்பினார்.

"தெரியல" என்றார். "நல்லா வந்திருக்கு."

இருபத்திரண்டு வருடமாகக் காத்திருந்த சொல். கேட்டதும் அவனுக்குக் கண் கலங்கியது.

"அவரு மதியம் சாப்பிட்டா ரெண்டு மணி நேரம் தூங்குவாரு. இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு" என்றார் அண்ணி. "கட்டிலுக்கு அடியில பெருக்குறவ நான்தானே தம்பி. அந்தப் பெட்டியப் பதினொரு வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு மதியம்கூடவா உங்களுக்குக் கிடைக்கல?"

 மயில் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினான். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"அவரு கடைசியாத் தேச்சது" என்றார் அண்ணி, கையிலிருந்த கத்தியைப் பார்த்தபடி. "இப்ப அவரு பக்கம் எதுன்னே தெரியல."

இரண்டடி நடந்து டிரம்முக்கு மேலே கையை நீட்டி விரல்களை விரித்தார். கத்தி உள்ளே போய்ப் பழைய கத்திகளின் மேல் விழுந்த சத்தம் கேட்டது.

"வண்டி வந்திருச்சு. தூக்க ஒரு ஆள் குறையுது, வாங்க."

அவர் போய்விட்டார். டிரம்மில் தண்ணீர் ஆடி அடங்கியது. மிஷினில் ஒட்டு மேலிருந்து இறங்கி வந்தது, கீழே போனது, மறுபடி வந்தது. மயில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். முன்னறையிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், அந்தப் பெயரைச் சொல்லி.